ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சாரணரில் சேர எந்த வழி நல்லது?

ஆறாம் வகுப்பில் போய் “சாரணரில் சேர யாருக்கு விருப்பம்?” என்று கேட்டால் வகுப்பே கை தூக்கும். ஒன்பதாம் வகுப்பில் அதையே கேட்டால், யார் முதலில் கை தூக்குவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பாரத சாரண சாரணியர் (ஸ்கவுட்ஸ் அண்ட் கைட்ஸ்) அமைப்பின் விதிப்படி 10 வயது முதல் 17 வயது வரை சேரலாம். அதனால் வயது தடையில்லை. பெரிய பிள்ளைகளை எந்த வழியாக அழைக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. சாரண ஆசிரியராக நான் முயன்று பார்த்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

முதல் வழி, சாரணருக்கு முந்தைய சின்னப் பிள்ளைகளின் பிரிவான குருளையர் பிரிவிலிருந்து வளர்த்தெடுப்பது. இதில் வரும் பிள்ளைகள் உறுதிமொழி, வணக்கம், முடிச்சு எல்லாம் தெரிந்தே வருவார்கள். ஆனால் குருளையர் பருவம் 10 வயதோடு முடிகிறது. நம் ஊரில் தொடக்கப் பள்ளியும் ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. பிள்ளை வேறு பள்ளிக்குப் போனதும் தொடர்பு அறுந்துவிடும். அறாமல் வந்தாலும் நிரம்புவது ஆறாம் வகுப்புதான். ஒன்பதாம் வகுப்புக்கு இது விடையே இல்லை.

இரண்டாவது, வகுப்பாசிரியரிடம் பெயர்ப் பட்டியல் வாங்குவது. ஒரே நாளில் 20 பெயர் கிடைத்துவிடும். ஒரு வருடம் நானும் அப்படித்தான் சேர்த்தேன். ஜூனில் வந்தவர்களில் பாதிப் பேர் காலாண்டு விடுமுறைக்குப் பிறகு வரவில்லை. அவர்கள் தாங்களாக வந்தவர்கள் இல்லை, நாங்கள் அனுப்பி வைத்தவர்கள். சீருடைக்குப் பணம் கட்டிய பெற்றோரை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

மூன்றாவது, சான்றிதழைக் காட்டி அழைப்பது. பல பள்ளிகளில் இதுதான் நடக்கிறது, அதனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாரணர் பயிற்சியின் படிகளில், சேர்க்கைப் படியான பிரவேஷுக்கு மூன்று மாதம், முதல் படியான பிரதம சோபானுக்கு ஆறு, அடுத்த இரண்டு படிகளான துவிதிய சோபானுக்கும் திரிதிய சோபானுக்கும் ஒன்பது ஒன்பது. மொத்தம் 27 மாதம் ஆன பிறகுதான் மாநில விருதான ராஜ்ய புரஸ்கார் பற்றியே பேச முடியும். ஒன்பதாம் வகுப்பு ஜூனில் சேரும் பிள்ளை இந்தப் படிகளை முடிக்கும்போது பதினொன்றாம் வகுப்பில், அதுவும் பெரும்பாலும் வேறு பள்ளியில் இருக்கும். ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீடு இருப்பது உண்மைதான். ஆனால் அதற்கு ராஷ்டிரபதி (குடியரசுத் தலைவர்) விருது போன்ற தகுதி வேண்டும். இதையெல்லாம் சொல்லாமல் “சர்ட்டிபிகேட் கிடைக்கும் தம்பி” என்று மட்டும் சொல்வது பிள்ளையை ஏமாற்றுவதுதான்.

சான்றிதழ்தான் குறி என்றால் என்.சி.சி.யில் இரண்டே ஆண்டில் ‘ஏ’ சான்றிதழ் கைக்கு வந்துவிடும். அந்தப் போட்டியில் நாம் ஜெயிக்க முடியாது, ஜெயிக்கவும் வேண்டாம். பரேடு பிடித்த பிள்ளை அங்கே போவதே நல்லது.

நான்காவது, நண்பர்களைக் கூட்டாகவே அழைத்து, தனி அணியாக வைப்பது. எனக்கு நம்பிக்கை இதில்தான். இதை எனக்குப் புரிய வைத்தது ஒரு மாணவனின் பதில். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த அவனை, இடம் இருந்த அணியில் போட்டேன். மூன்றாவது வாரமே வரவில்லை. கூப்பிட்டுக் கேட்டால், “லீடர் ஏழாவது படிக்கிறான் சார்” என்று தலையைக் குனிந்துகொண்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. அதற்காக ஆறாம் வகுப்பிலிருந்து உழைத்து அணித்தலைவன் ஆனவனை இறக்கிவிட்டு, உயரத்தைப் பார்த்து இவனை உட்கார வைப்பதும் அநியாயம்.

1907-இல் சாரணர் இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் நடத்திய முதல் முகாமிலேயே அணிகள் பல வயதும் கலந்தவைதான் என்று மூத்த ஆசிரியர்கள் நினைவூட்டுவார்கள். சரிதான். ஆனால் அந்த அணிகளில் தலைமை மூத்த பையன்களிடம் இருந்தது. தாமதமாக வரும் பெரிய பிள்ளைக்கு அந்த இடம் காலியாக இல்லையே. அதனால் முதல் வருடம் மட்டும் ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட தனி அணி. தலைவனை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். முடிச்சை மட்டும் ஏழாம் வகுப்பு அணித்தலைவனிடம் கற்றுக்கொள்ளட்டும். “இதை எப்படிடா போட்ட?” என்று பெரியவன் கேட்கும்போது, சின்னவனுக்கும் மதிப்பு கிடைக்கிறது.

அழைப்பும் வகுப்பறையில் வேண்டாம். நாங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தின் அன்னவாசலில் பஸ்ஸை விட்டு இறங்கி, சித்தன்னவாசல் வரை நடந்து, குன்றேறி ஏழடிப்பட்டம் என்ற குகையின் சமணர் படுக்கைகளைப் பார்த்துவிட்டு வந்தோம். “உன் கூட்டாளிகளையும் கூட்டிட்டு வா” என்பது மட்டும்தான் அழைப்பு. வழியும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. அன்றைக்குச் சோறு குழைந்துவிட்டது. ஆனால் அதை யாரும் மிச்சம் வைக்கவில்லை. திரும்பும்போது அடுத்த பயணம் எப்போது என்று அவர்களே கேட்டார்கள். மாணவிகளுக்கும் இதே வழிதான், ஆனால் இரவு முகாமிலிருந்து தொடங்கக் கூடாது. சாரணியர் ஆசிரியை உடன் வருகிறார், மாலை ஆறு மணிக்குள் வீடு என்று தெரிந்தால்தான் அம்மாக்கள் சம்மதிப்பார்கள்.

இந்த வழியிலும் குறை உண்டு. கூட்டாளிகளுக்குள் சண்டை வந்தால் அணியே கலைந்துவிடும். ஆசிரியருக்கு வேலையும் இரட்டிப்பு. இன்னொன்றையும் கவனித்தேன்: எட்டாம் வகுப்போடு முடியும் நடுநிலைப் பள்ளிகளிலிருந்து ஒன்பதில் புதிதாக வருபவர்களுக்கு இங்கே கூட்டாளியே இருப்பதில்லை. மதிய உணவு இடைவேளையில் தனியாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை யாரும் தானாகக் கூட்டி வரமாட்டார்கள். நாம்தான் போய்ப் பெயர் கேட்டு அழைக்க வேண்டும். அதனால் எட்டுப் பேர் அணியில் இரண்டு இடத்தை இவர்களுக்கென்று விட்டு வைக்கிறேன். பள்ளி திறந்து இரண்டு வாரத்துக்குள் அழைத்தால் வந்துவிடுகிறார்கள்.