கூரைச் சூரிய மின்சாரம்: மின்வாரிய இணைப்பா, தனி மின்கலமா?

செலவு: மின்வாரியக் கம்பியோடு இணையும் அமைப்புக்கு பேட்டரி தேவையில்லை, 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியமும் உண்டு. இணையாத தனி அமைப்புக்கு அம்மானியம் இல்லை.

ஆயுள்: தகடுகள் இரண்டிலும் ஏறத்தாழ 25 ஆண்டுகள் உழைக்கும், ஈய அமில பேட்டரியையோ நான்கைந்து ஆண்டுகளில் மாற்ற நேரும்.

மின்தடை: பலர் பணம் கட்டிய பின்பே அறிவது இது. கம்பத்தில் பணிபுரியும் ஊழியரை மின்சாரம் தாக்காதிருக்க, பேட்டரியற்ற இணைப்பு அமைப்பு, உச்சி வெயிலிலும், தடையின்போது தானே நின்றுவிடும். பேட்டரி உள்ள வீட்டில் விளக்கு எரியும்.

குளிரூட்டி ஓடும் நகர வீட்டுக்கு முன்னதையும், கம்பி எட்டாத தோட்ட வீட்டுக்குப் பின்னதையும் பரிந்துரைப்பேன். இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசமாகப் பெறும் தமிழகச் சிறு குடும்பத்துக்கு இரண்டுமே அவசரமில்லை.