நீலப் பெட்டி வந்து இரண்டரை வருஷம்: எங்கள் வீட்டு மறுபயனீட்டுக் கதை

2019 தீபாவளிக்கு முந்தைய வாரம், இரவு பதினொன்றரை மணி. நானும் வீட்டுக்காரரும் உடைந்துபோன மூன்று கதவு அலமாரியைப் பலகை பலகையாகக் கழற்றி மின்தூக்கியில் ஏற்றினோம். சிங்கப்பூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நீல மறுபயனீட்டு (மறுசுழற்சி) தொட்டிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் மேலே வந்துவிட்டோம். யாரும் பார்க்கவில்லை என்பதில் ஒரு நிம்மதி வேறு.

மறுநாள் காலை வேலைக்குப் போகும்போது பார்த்தேன். எங்கள் அலமாரிக்குத் துணையாக ஒரு மெத்தை, ஒரு மின்விசிறி, கண்ணாடி விரிசல் விட்ட ஒரு மீன்தொட்டி. ஒரே ராத்திரியில் அவ்வளவும் வந்திருந்தன. எங்கள் புளோக்கில் துப்புரவு வேலை பார்த்த புதுக்கோட்டைத் தம்பி அந்த மெத்தையைத் தனியாளாக இழுத்துக்கொண்டிருந்தார். "எவனாச்சும் ஒருத்தன் முதல்ல வச்சா போதும்க்கா, மத்தவங்க பின்னாடியே கொண்டுவந்து வச்சுருவாங்க" என்றார். அந்த முதல் ஆள் நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். கண்ட இடத்தில் பொருளை விட்டுவிட்டுப் போகிறவர்கள் எல்லாரும் அக்கறையில்லாதவர்கள் அல்லர். எங்கே கொடுப்பது என்று ராத்திரி பதினொன்றரைக்குத் தெரியாதவர்கள்தான் பாதிப் பேர். நாங்கள் அந்த ரகம். சட்டம் தெரியாமலும் இல்லை. பொது இடத்தில் குப்பை போட்டால் முதல் முறையே நீதிமன்றம் 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் விதிக்கலாம். வண்டியில் கொண்டுவந்து கொட்டினால் 50,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை. இதெல்லாம் தெரிந்தும் செய்தோம். தெரியாமல் போனது ஒரு தொலைபேசி எண்.

நீலப் பெட்டிக்கு வருகிறேன். 2023 மார்ச்சில் அரசாங்கம் வீட்டுக்கு ஒன்றாக இலவசமாகக் கொடுத்த, மறுபயனீட்டுப் பொருள்களைச் சேர்த்து வைக்கும் அந்த புளூபாக்ஸ்தான். தபாலில் வந்த கடிதத்தில் இருந்த கியூஆர் குறியீட்டைத் தானியங்கி இயந்திரத்தில் காட்டினால் பெட்டி வெளியே வந்து விழும். சமூக மன்றத்தில் வரிசை நீளமாக இருந்தது. இலவசம் என்றால் நம் ஆட்களைக் கேட்க வேண்டுமா? மடித்து வைக்கலாம், கழுவலாம், 5 கிலோ வரை தாங்கும். எதைப் போடலாம் என்பது பெட்டியிலேயே அச்சடித்திருக்கும்.

முதல் மூன்று மாதம் அதில் வெங்காயம் வைத்திருந்தேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் அல்லவா.

அப்புறம் மகள் பள்ளியிலிருந்து ஏதோ ஒரு திட்டப்பணியோடு வந்து, வெங்காயத்தைக் கொட்டிவிட்டுப் பெட்டியை வாசல் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தாள். இந்த இரண்டரை வருஷத்தில் நான் கண்ட பெரிய விஷயம் அந்த இடம்தான். அடுப்படியில் இருந்தவரை யாரும் அதைக் கீழே கொண்டுபோகவில்லை. வாசலுக்கு வந்த பிறகு, வேலைக்குக் கிளம்பும் யாராவது ஒருவர் கையில் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். வாரத்துக்கு ஒரு பெட்டி நிறைகிறது. இணையத்தில் சாமான் வாங்கும் மாதங்களில் அட்டைப்பெட்டிகளாலேயே இரண்டு பெட்டி.

கெட்டது ஒன்று. எங்கள் வீட்டில் அத்தை, அதாவது மாமியார், ஒரு நாள் நல்லெண்ணெய் மிதந்துகொண்டிருந்த மாங்காய் ஊறுகாய் பாட்டிலை மூடியைச் சரியாகத் திருகாமல் பெட்டிக்குள் வைத்துவிட்டார். அடியில் இரண்டு வாரத் தமிழ் முரசு நாளிதழ், மேலே மகளின் பழைய பயிற்சித்தாள்கள். சாயங்காலம் நான் பெட்டியைத் தூக்கியபோது மடிப்பிலிருந்து சிவப்பு எண்ணெய் சொட்டியது. தாள் முழுக்க மிளகாய் வாசனை. அத்தனையும் குப்பைக்குழாயில்தான் போனது. எங்கள் வீட்டுப் பெட்டிக்குள் நடந்ததுதான் கீழே 660 லிட்டர் நீலத் தொட்டிக்குள்ளும் நடக்கிறது. அந்தத் தொட்டிகளில் விழுவதில் சுமார் 40 விழுக்காடு மறுபயனீடு செய்ய முடியாதது. பெரும்பாலும் உணவு, திரவம், இல்லாவிட்டால் அங்கே போடவே கூடாத பொருள். காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் நான்கும் ஒரே தொட்டிக்குள் சேர்ந்துதான் விழுகின்றன. யாரோ பாதி குடித்துவிட்டுப் போடும் பபிள் டீ, அடுத்த வீட்டுக்காரர் ஒழுங்காகக் கட்டிவைத்த காகிதத்தையும் கெடுத்துவிடும்.

இப்போது அத்தைக்கு ஒரு விதி: பாட்டிலில் ஒட்டியிருப்பது கையில் பிசுக்கென்று வந்தால் அலசு. கண்ணாடி போலப் பளபளக்க வேண்டியதில்லை, சும்மா ஒரு சுற்றுத் தண்ணீர் போதும். நெய் பாட்டிலுக்கு மட்டும் பாத்திரம் கழுவிய வெந்நீரின் மிச்சத்தை ஊற்றுகிறேன்.

போடக்கூடாததில் நம் வீடுகளில் அடிக்கடி தவறாகப் போவது சாப்பாடு கட்டித் தரும் பழுப்புத் தாள். காகிதம்தானே என்று நினைப்போம். உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு, அதன்மேல் சாம்பார். அது குப்பைதான். டிஷ்யூ தாள், பழைய துணி, ஸ்டைரோஃபோம், உடைந்த பீங்கான் தட்டு, இவையும் அப்படியே. உடுத்தக்கூடிய சேலைகளைத் தனியாகத் துவைத்து மடித்து, நன்கொடையாக வாங்கிக்கொள்ளும் இடத்தில் கடை திறந்திருக்கும் நேரத்தில் கொடுக்கிறோம். பூட்டிய கதவுக்கு முன்னால் பையை வைத்துவிட்டு வருவதும் கொட்டுவதுதான், தர்மம் என்று பெயர் வைத்தாலும்.

"எல்லாத்தையும் ஒரே லாரியிலதான் அள்ளிட்டுப் போறான், நீ ஏன் மெனக்கெடுற?" என்பது வீட்டுக்காரரின் பழைய பல்லவி. மறுபயனீட்டுத் தொட்டிக்கு வரும் லாரி வேறு, குப்பை லாரி வேறு. ஒரு சனிக்கிழமை காலை இரண்டும் அடுத்தடுத்து வந்தபோது சன்னலுக்குக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் அவரே பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

வீடு வீடாக வந்து பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரரை மறக்கக் கூடாது. எங்கள் உட்லண்ட்ஸ் புளோக்கில் இன்னும் வருகிறார். ஹாரன் சத்தம் கேட்டால் அத்தை செய்தித்தாள் கட்டோடு வாசலில் நின்றுவிடுவார். கிடைப்பது கிலோவுக்குச் சில காசுதான், அதற்கும் பேரம் நடக்கும். காராங் குனி என்றால் மலாயில் கோணிச்சாக்கு. அந்தக் 'குனி' நம் கோணிக்குச் சொந்தம் என்பதில் அத்தைக்குத் தனிப் பெருமை. செயலியில் தேடினால் கிடைக்காத ஒரு சேவையை அவர் செய்கிறார்: பழைய மிக்சியை வாங்கிக்கொண்டார். மின்னியல் கழிவுத் தொட்டியில் மடிக்கணினி, கைப்பேசி, பேட்டரி, விளக்கு எல்லாம் போடலாம், மிக்சி அந்தப் பட்டியலில் வராது.

மின்னியல் கழிவு ஏற்பாடு 2021 ஜூலை 1இல் தொடங்கியது. தயாரிப்பாளர்களே பொறுப்பேற்க வேண்டும் என்பது சட்டம். சிங்கப்பூரில் வருஷத்துக்குச் சுமார் 60,000 டன் மின்னியல் கழிவு சேர்கிறது. எனக்கு அதில் பிடித்தது, புதுக் குளிர்பதனப் பெட்டி வாங்கினால் கொண்டுவந்து இறக்கும்போதே பழையதை இலவசமாக எடுத்துப்போகக் கடை கடமைப்பட்டிருக்கிறது என்பது. ஆனால் நாம் கேட்க வேண்டும். போன வருஷம் எங்களுக்குச் சலவை இயந்திரம் வாங்கிய கடையில் விற்றவர் வாயே திறக்கவில்லை. இறக்க வந்த இரண்டு பேரும் "ஆர்டர்ல இல்லையே" என்று கையை விரித்தார்கள். கடைக்குப் போன் போட்டு, அரை மணி நேரம் பேசி, அப்புறம்தான் எடுத்துப்போனார்கள். அதற்குள் பழைய இயந்திரம் தாழ்வாரத்தில் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது தீப்பாதுகாப்பு விதி. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பில் போடும்போதே பழையதை எடுப்பீர்களா என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

இனி பெரிய சாமான். அலமாரி, மெத்தை, சோபா. இதற்கு நகர மன்றத்தைக் கூப்பிட்டால் போதும். முன்கூட்டிப் பதிவு செய்தால் இலவசமாக வந்து எடுத்துப்போகிறார்கள். எத்தனை பொருள், எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பது நகர மன்றத்துக்கு நகர மன்றம் மாறும், உங்களுடையதைக் கேட்டுக்கொள்ளுங்கள். 2019இல் எங்களுக்குத் தெரியாமல் போன எண் இதுதான். இப்போது குளிர்பதனப் பெட்டி மேல் காந்தத்தில் ஒட்டியிருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரமும் சீனப் புத்தாண்டு நேரமும் மட்டும் தேதி கிடைப்பது கஷ்டம். ஒட்டுமொத்தத் தீவும் அப்போதுதான் வீட்டைச் சுத்தம் செய்கிறது. இந்தத் தீபாவளிக்கு செப்டம்பர் கடைசியிலேயே பதிவு செய்தேன். பழைய மெத்தை போன அன்று எதிர்வீட்டு மலாய் அக்கா எட்டிப் பார்த்து, எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

பொங்கோலில் இருக்கும் என் தங்கை வீடு புதியது. 2014க்குப் பிறகு வந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகத் (வீவக) திட்டங்களில் மாடிக்கு மாடி மறுபயனீட்டுக்கென்று தனிக் குழாய் வைக்கிறார்கள். கீழே இறங்க வேண்டாம், மழையில் நனைய வேண்டாம். பொறாமைதான். ஆனால் அங்கேயும் ஒருவர் பெரிய அட்டைப்பெட்டியை மடிக்காமல் திணித்ததில் குழாய் இரண்டு நாள் அடைத்துக் கிடந்தது. வசதி பெருகினால் பழக்கம் தானாக வரும் என்று நான் நினைத்திருந்தது கொஞ்சம் ஆட்டம் கண்டது.

நாடு முழுக்க வீடுகளின் மறுபயனீட்டு விகிதம் 2024இல் 11 விழுக்காடு. 2020இல் 13 ஆக இருந்தது. பெட்டி கொடுத்தும் இறங்கியிருக்கிறது. மிச்சமெல்லாம் எரியாலைக்குப் போய், சாம்பலாகி, செமாக்காவ் தீவில் கொட்டப்படுகிறது. 1999இல் திறந்த அந்த இடம் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்கிறார்கள். என் மகளுக்கு அப்போது 24 வயது. இந்தக் கணக்கை அத்தையிடம் சொன்னால் "தீவே நெறஞ்சா வேற தீவு பாப்பாங்க" என்பார்.

பெட்டியின் நிலைமை கேட்டால்: ஒரு ஓரம் மடிப்பில் கிழிந்துவிட்டது, டேப் ஒட்டியிருக்கிறேன். அச்செழுத்து மங்கவில்லை. ஈரமானதை வைத்தால் அடியில் வாடை தங்குகிறது, மாதம் ஒரு முறை சோப்புப் போட்டுக் கழுவிக் காய வைக்க வேண்டும். நால்வர் இருக்கும் வீட்டுக்கு அளவு கொஞ்சம் சின்னது. ஓசியில் வந்ததற்கு இது போதும்.

அடுத்து, பானங்களின் பிளாஸ்டிக் பாட்டில்களுக்கும் டின்களுக்கும் 10 காசு வைப்புத்தொகைத் திட்டம். தொடக்கம் 2026 ஏப்ரல் 1. 150 மில்லிலிட்டரிலிருந்து 3 லிட்டர் வரை. காலியைத் திருப்பிக் கொடுத்தால் காசு திரும்ப வரும். இந்தச் செய்தியை வானொலியில் கேட்டதிலிருந்து அத்தை காலி ஹண்ட்ரட் பிளஸ் டின்களை ஒரு அரிசிச் சாக்கில் சேர்த்து, என் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார். புது முத்திரை போட்ட டின்னுக்குத்தான் காசு, இதற்கெல்லாம் ஒரு காசும் வராது என்று மூன்று முறை சொல்லிவிட்டேன். "நீ உங்க மாமா மாதிரியே பேசுற" என்று சொல்லிவிட்டு, நேற்று இன்னும் நாலு டின் கொண்டுவந்து போட்டார்.