மின்வெட்டுக்கு நடுவே சிடி லினக்ஸ்: டர்பன் தமிழ் வகுப்பின் பழைய கணினிகளில் கண்டவை

வன்தட்டில் நிறுவாமல் சிடியில் இருந்தே இயங்கும் லினக்ஸ் இயங்குதளங்களை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் அளவையும் வேகத்தையும் வைத்தே தீர்ப்புச் சொல்கிறார்கள். எத்தனை எம்பி, எத்தனை நொடியில் திரை வருகிறது என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பல ஆண்டுகள் இவற்றோடு புழங்கிய பிறகு நான் முதலில் கேட்கும் கேள்வி வேறு: தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால், அதுவரை எழுதியது எங்கே இருக்கும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் வார இறுதியில் நடக்கும் ஒரு தமிழ் வகுப்பின் கணினிகளை நான் கவனித்துவருகிறேன். எல்லாம் அலுவலகங்கள் கழித்துக் கொடுத்தவை. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு நின்றதையொட்டி வந்தவையே அதிகம்: 512 எம்பி ரேம் கொண்ட பென்டியம் 4 மேசைக் கணினிகள், 256 எம்பி மட்டுமே உள்ள செலரான் எம் மடிக்கணினிகள். தகவல் பாதுகாப்புக்காகப் பலவற்றின் வன்தட்டைக் கழற்றிவிட்டே கொடுத்தார்கள். பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்கள். ஆகவே தேவாரமோ திருப்புகழோ எதை அச்சடித்தாலும் தமிழ் வரிக்குக் கீழே ரோமன் எழுத்தில் உச்சரிப்பும் இருக்க வேண்டும். தைப்பூசக் காவடிக்கு முந்திய வாரங்களில் அச்சுப்பொறிக்கு ஓய்வே கிடையாது.

இந்த நாட்டில் சுழற்சி மின்வெட்டு 2007-08இல் தொடங்கியது. 2022, 2023 ஆண்டுகளில் ஆறாம் கட்டம் வரை போனது; கட்டம் கூடக்கூட இருட்டு நேரமும் கூடும். அட்டவணையைப் பார்த்து வகுப்பை மாற்றி வைத்தாலும், அட்டவணையில் இல்லாத நேரத்திலும் விளக்கு அணைந்ததுண்டு. வன்தட்டில் நிறுவிய அமைப்பு எப்போதும் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். பாதியில் வெட்டுப்பட்டால் அடுத்த முறை கோப்பு முறைமையைச் சரிபார்க்க உட்கார்ந்துவிடும். வயதான தட்டாக இருந்தால் எழவே எழாது. சிடியில் எழுத முடியாது என்பதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். எங்களுக்கு அதுவே காப்பு. எந்த நொடியில் மின்சாரம் போனாலும் அமைப்பு பழுதாவதில்லை. மின்சாரம் திரும்பியதும் அதே நிலையில் எழுந்து நிற்கிறது.

தென்னாப்பிரிக்காவுக்கும் லினக்ஸ் சிடிக்கும் பழைய உறவு உண்டு. வெல்காமில் பிறந்த மார்க் ஷட்டில்வொர்த் 2004இல் உபுண்டுவைத் தொடங்கியபோது, கேட்டவர்களுக்கெல்லாம் சிடியை இலவசமாக அஞ்சலில் அனுப்பினார்கள். அந்தச் சேவை 2011 வரை நடந்தது. அவருடைய அறக்கட்டளை ஃப்ரீடம் டோஸ்டர் என்ற பெட்டிகளையும் நிறுத்தி வைத்தது. வெற்றுச் சிடியைக் கொண்டுபோய் வைத்தால் வேண்டிய லினக்ஸைப் பதித்துத் தந்தன. இணைய இணைப்புக்கு மாதம் 3 ஜிபி என்று வரம்பு இருந்த காலத்தில் அது எவ்வளவு பெரிய உதவி என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். 2009இல் சீகாம் கடலடி வடம் இம்மாகாணத்தின் மிடுன்சினியில் கரையேறிய பிறகுதான் நிலைமை மெல்ல மாறியது.

இனிப் பழுதுபார்ப்பு. சிடி துவங்கவில்லை என்று யாராவது சொன்னால், லினக்ஸைக் குறை சொல்லும் முன் தட்டைத்தான் கையில் வாங்கிப் பார்ப்பேன். இன்னொரு கணினியில் அதைத் திறந்தால் ஒரே ஒரு ஐஎஸ்ஓ கோப்பு (சிடியின் முழுப் படிமம்) மட்டும் தெரிகிறதா? அப்படியானால் படிமமாகப் பதிக்காமல் கோப்பாகப் பதித்துவிட்டார்கள். அந்தச் சிடி எந்தக் கணினியிலும் துவங்காது. சரியாகப் பதித்திருந்தால் உள்ளே பல கோப்புறைகள் தெரியும். பதிக்கும் முன், இறக்கிய கோப்பு முழுமையானதா என்று காட்டும் எம்டி5 சரிபார்ப்புத் தொகையை ஒப்பிட்டிருக்க வேண்டும். உறையில் 52 மடங்கு வேகம் என்று போட்டிருந்தாலும் பழைய டிரைவில் படிக்க வேண்டிய சிடியை 8 அல்லது 16 மடங்கில் பதிப்பதே நல்லது. திரும்பத் திரும்ப எழுதும் வகைச் சிடி ஒளியைக் குறைவாகவே பிரதிபலிக்கும். தேய்ந்த லேசர் உள்ள டிரைவ்கள் அதைப் படிக்கத் திணறும். துடைக்கும்போது நடுவில் இருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது.

மெனு வந்த பிறகு நின்றுபோகும் சிடிதான் அதிகம் குழப்பும். நாப்பிக்ஸ் என்ற சிடி லினக்ஸ் தன் கோப்பு முறைமையைக் காணவில்லை என்று வருத்தம் தெரிவித்து நிற்கும். பப்பி என்ற இன்னொன்று, தன் அமைப்பைச் சுருக்கி வைத்திருக்கும் எஸ்எஃப்எஸ் கோப்பு கிடைக்கவில்லை என்று வெறும் கட்டளைத் திரையில் விட்டுவிடும். இங்கே ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மெனுவையும் கருவையும் (லினக்ஸின் மையமான கர்னல்) சிடியில் இருந்து படித்துத் தருவது, கணினியை முதலில் எழுப்பும் நிரலான பயாஸ். கரு எழுந்த பிறகு பயாஸ் ஒதுங்கிவிடுகிறது. அதே சிடியை லினக்ஸ் தன் சொந்த டிரைவரால் மறுபடி தேடிப் பிடிக்க வேண்டும். அந்தக் கைமாற்றத்தில்தான் அறுந்துபோகிறது. அதே சிடியை வேறு கணினியில் போட்டுப் பாருங்கள். அங்கே ஓடினால் தட்டு நல்லது, இங்கே டிரைவரோ கேபிளோ காரணம். அங்கேயும் அதே இடத்தில் நின்றால் தட்டை மாற்றுங்கள். ஸ்குவாஷ்எஃப்எஸ் (அந்தச் சுருக்கிய கோப்பு முறைமை) பிழை என்று வரி வரியாக ஓடினால் யோசிக்கவே வேண்டாம், தட்டில் படிக்க முடியாத பகுதி அது.

துவக்க வரியில் சேர்க்கும் சொற்களில் எனக்கு அடிக்கடி கைகொடுத்தவை சில. பாதியில் உறைந்தால், மின் மேலாண்மை முறையான ஏசிபிஐயை அணைக்கும் சொல். அதுவும் போதாவிட்டால் 'நோ ஏபிஐசி'. டிரைவ் பிழை மேல் பிழையாகக் கொடுத்தால் நாப்பிக்ஸில் 'நோடிஎம்ஏ'. வேகம் குறையும், ஆனால் ஓடும். எல்லாம் ஏறிய பிறகு திரை கருப்பாகிவிட்டால் 'நோமோட்செட்'. இன்டெல்லின் பழைய உள்ளமை கிராபிக்ஸ் உள்ள பெட்டிகளில் இந்தக் கடைசிச் சொல் பலமுறை உயிர் கொடுத்தது. செலரான் எம் மடிக்கணினிகளில், செயலியில் பிஏஇ (கூடுதல் நினைவகத்தைக் கையாளும் வசதி) இல்லை என்று கரு மறுத்துவிடும். அவற்றுக்கு பிஏஇ தேவைப்படாத கரு உள்ள பதிப்பாகப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

மின்வெட்டு இன்னொரு தொல்லையையும் கொண்டுவருகிறது. தாய்ப்பலகையில் உள்ள சிஆர்2032 பேட்டரி, மின்சாரம் இல்லாத நேரமெல்லாம் தனியாகக் கடிகாரத்தைச் சுமக்கிறது. அது தீர்ந்ததும் பயாஸ் அமைப்புகள் அழிந்து, சிடியை முதலில் பார்க்கும் வரிசை போய்விடும். தேதியும் பல ஆண்டு பின்னால் போய்விடும். உடனே உலாவியில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் செல்லாது என்று எச்சரிக்கை வரும். இணைப்பு கெட்டுவிட்டது என்று பிள்ளைகள் ஓடிவருவார்கள். தேதியைத் திருத்தினால் எல்லாம் சரியாகும். பத்து ஆண்டு தாண்டிய எந்தக் கணினி கைக்கு வந்தாலும் முதல் வேலையாக அந்தப் பேட்டரியை மாற்றிவிடுங்கள்.

நாப்பிக்ஸை நான் மதிக்கிறேன். கிளவுஸ் நாப்பர் 2000இல் வெளியிட்டது. டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. சுருக்க முறையால் 700 எம்பி தட்டுக்குள் ஏறத்தாழ 2 ஜிபி மென்பொருளை அடக்கியது. வன்பொருளை அடையாளம் காண்பதில் இன்றும் அதற்கு நிகராக ஒன்றைச் சொல்லத் தயங்குவேன். எழாத கணினியில் இருந்து கோப்புகளை மீட்க என் பையில் எப்போதும் அதன் 7.2 பதிப்புச் சிடி இருக்கும். ஆனால் அன்றாட வகுப்புக்கு அது பாரம். ஒவ்வொரு நிரலைத் திறக்கும்போதும் சிடி சுழன்று எழ வேண்டும். முழுவதையும் ரேமில் ஏற்றும் 'டூரேம்' வசதிக்கு 1 ஜிபியாவது வேண்டும்; எங்களிடம் அவ்வளவு இல்லை.

எங்கள் வகுப்பின் சுமையைத் தாங்கியது பப்பிதான். ஆஸ்திரேலியரான பேரி காலர் 2003இல் தொடங்கியது. 4.3.1 பதிப்பு 100 எம்பிக்குச் சற்று மேல்தான். 256 எம்பி ரேமிலும் முழுவதும் ஏறிவிடும். ஏறிய பிறகு சிடியை வெளியே எடுத்துவிடலாம். ஒரே சிடியைக் கைமாற்றி வரிசையாக எல்லாக் கணினிகளையும் எழுப்பலாம். அதன் பிறகு நிரல்கள் திறக்கும் வேகம் புதிய கணினிகளுக்கு இணையானது.

ஆனால் என் முதல் கேள்விக்குப் பப்பி தரும் பதில் ஒன்றல்ல, பல. அதைத் தெரிந்துகொள்ளாமல் பயன்படுத்தினால் இழப்பு நிச்சயம். முதல் முறை அணைக்கும்போது சேமிப்புக் கோப்பு வேண்டுமா என்று கேட்கும். அதை வன்தட்டில் வைத்தால் மாற்றங்கள் உடனுக்குடன் அதில் எழுதப்படும்; மின்சாரம் போனால் அந்தக் கோப்பே சிதையக்கூடும். பழைய பப்பி பெரும்பாலும் அதை ஈஎக்ஸ்டி2 முறையில் அமைக்கும். அதில் மாற்றங்களை முன்கூட்டிக் குறித்து வைக்கும் மீட்பு நாளேடு கிடையாது. துவக்க வரியில் 'பிஃபிக்ஸ்=எஃப்எஸ்சிகே' (pfix=fsck) என்று சேர்த்தால் சரிபார்த்துக்கொள்ளும். பப்பியை யுஎஸ்பியில் இருந்து இயக்கினால் மாற்றங்கள் ரேமிலேயே தங்கி, வழக்கமாக 30 நிமிடத்துக்கு ஒருமுறைதான் இறங்கும். நடுவில் விளக்கு அணைந்தால் அரைமணி நேர உழைப்பு போகும். சிடியிலேயே புதிய அமர்வாக எழுதும் வழியும் உண்டு. முதல் அமர்வை மூட 22 எம்பி, பின்வரும் ஒவ்வொன்றுக்கும் 13 எம்பி வெறுமனே செலவாகும். அணைக்கும்போது மட்டுமே எழுதுவதால் மின்வெட்டுக்கு அது பயனில்லை.

நாங்கள் வந்து சேர்ந்த முறை இது: சேமிப்புக் கோப்பே வேண்டாம். ஒவ்வொரு முறையும் 'பிஃபிக்ஸ்=ரேம்' என்று துவக்குகிறோம்; அமைப்பு புதிதாக எழுகிறது. ஆவணங்கள் மட்டும் யுஎஸ்பியில். இங்கேயும் ஓர் எச்சரிக்கை தேவை. சேமி என்று அழுத்தியதும் லினக்ஸ் உடனே யுஎஸ்பிக்கு அனுப்புவதில்லை. 30 நொடி வரை ரேமில் வைத்திருக்கலாம். அதனால் 'சிங்க்' கட்டளையை ஒரு சின்னமாக மேசைத் திரையில் வைத்தேன். சேமித்த கையோடு அதை அழுத்துவது பிள்ளைகளுக்குப் பழக்கமாகிவிட்டது. வகுப்பை நடத்தும் அக்கா இதைக் கரும்பலகையின் மூலையில் நிரந்தரமாக எழுதி வைத்திருக்கிறார்.

புதிதாக எழும் அமைப்பில் தமிழ் எழுத்துரு இருக்காதே என்று கேட்கலாம். பப்பியில் உள்ள ரீமாஸ்டர் கருவி அதற்குத்தான். லோகித் தமிழ் எழுத்துருவை உரிய கோப்புறையில் வைத்து, அதோடு புதிய சிடியைப் பதித்துக்கொண்டோம். இப்போது எந்தக் கணினியில் போட்டாலும் கட்டம் கட்டமாகத் தெரியாமல் தமிழ் தமிழாகவே வருகிறது.

டேம் ஸ்மால் லினக்ஸ் 50 எம்பிக்குள் ஒரு மேசைத் திரையையே தந்தது. 486 செயலியிலும் 16 எம்பி ரேமிலும் எழும். ஆனால் அதன் பழைய வரைகலை நூலகம் தமிழைக் கோத்துக் காட்டத் தெரியாதது. 'கொ' என்று எழுதினால் கொம்பு மெய்க்குப் பின்னால் போய் நிற்கும். தமிழ் வகுப்புக்கு அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. 2008க்குப் பிறகு நின்றுபோனது, 2024இல் ஆன்டிஎக்ஸ் என்ற லினக்ஸின் அடிப்படையில் 700 எம்பி அளவில் திரும்பி வந்திருக்கிறது. இன்னும் சிடிக்குள் அடங்க வேண்டும் என்று ஒருவர் நினைக்கிறாரே என்பதே எனக்கு மகிழ்ச்சி.

டைனி கோர் அதே குழுவில் இருந்த ராபர்ட் ஷிங்கிள்டெக்கர் தொடங்கியது. முழு மேசைத் திரையும் 20 எம்பிக்கு அருகில். கட்டுமானத்தின் நேர்த்தியைப் பார்த்தால் இவை எல்லாவற்றிலும் அதுவே என் மனத்துக்கு மிக நெருக்கம். ஆனால் வேண்டிய ஒவ்வொரு நிரலையும் இணையத்தில் இருந்து இறக்க வேண்டும், வைஃபைக்கு கோர்பிளஸ் பதிப்பு வேண்டும். வீட்டுக் கோப்புறையை அணைக்கும்போது ஒரே கோப்பாகக் கட்டிவைப்பது அதன் வழக்கம். அந்த நேரம் வராமலே மின்சாரம் போனால் கட்டப்படாதது கட்டப்படாததுதான். ஸ்லாக்ஸ் அழகானது, ஆனால் 512 எம்பி ரேமில் உலாவியைத் திறந்தவுடன் மூச்சு வாங்குகிறது.

இணையம் தேவைப்படும் கணினிகளுக்கு இன்று நான் போடுவது ஆன்டிஎக்ஸ். கிரேக்கத்தில் இருந்து வருவது, டெபியன் அடிப்படை, சேவைகளைத் துவக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி கிடையாது. டெபியனின் தமிழ் எழுத்துருக்களும் உள்ளீட்டு முறைகளும் அப்படியே கிடைக்கின்றன. புதிய எக்ஸ் விசைப்பலகைத் தொகுப்பில் தமிழ்99 தனியாகவே உண்டு. இங்கே எல்லா விசைப்பலகையும் அமெரிக்க அமைப்பு என்பதால், ஒரு விசையைத் தட்டித் தமிழுக்கும் ரோமனுக்கும் மாறிக்கொள்ளலாம். பதிகத் தாளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! நிலைச் சேமிப்பை உடனுக்குடன் எழுதுவதா, ரேமில் வைத்துப் பிறகு எழுதுவதா என்று அதுவே கேட்கிறது. என் கேள்வியை இவ்வளவு தெளிவாகத் திருப்பிக் கேட்ட வேறோர் அமைப்பை நான் பார்க்கவில்லை. முழுப் பதிப்பு சிடியில் அடங்காது. யுஎஸ்பியில் துவங்கத் தெரியாத பென்டியம் 4களில் பிளாப் துவக்க மேலாளரைச் சிடியில் பதித்துப் போடுகிறேன். அது எழுந்து வேலையை யுஎஸ்பிக்குக் கைமாற்றுகிறது.

32 பிட் உலகம் சுருங்கிவருவது எனக்குக் கவலை தருகிறது. 2025இல் வந்த டெபியன் 13 அதற்கான நிறுவியைக் கைவிட்டது. எஸ்எஸ்இ2 என்ற செயலிக் கட்டளைத் தொகுதி இல்லாத பென்டியம் 3இல் புதிய ஃபயர்பாக்ஸ் ஓடாது. ஆகவே இத்தகைய கணினிகளை வைத்திருப்பவர்கள், இன்று நன்றாக ஓடும் ஐஎஸ்ஓவை அதன் எம்டி5 தொகையோடு சேர்த்து இரண்டு இடங்களில் எடுத்து வையுங்கள். பழைய பதிப்புகள் வழங்கிகளில் இருந்து சொல்லாமல் மறைந்துவிடுகின்றன. பதித்த சிடிகளை ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள். வெயிலில் சாயம் மங்கும். டர்பனின் கடற்காற்றில் வெறுமனே கிடக்கும் தட்டைவிட உறையில் நிமிர்த்தி வைத்த தட்டையே நெடுநாள் படிக்க முடிகிறது.