நாய்க்கு ‘அலர்ஜி ஊசி’ போடுகிறார்களா? பெயரை எழுதி வாங்குங்கள்

நாயோ பூனையோ ஓயாமல் சொறிகிறது என்று மாதாமாதம் ஊசி போட்டு வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த ஊசியின் பெயர் உங்களுக்குத் தெரியாது என்றால் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். எங்கள் ரோஸிக்கு ஒரு கிளினிக்கில் அரிப்புக்கென்று ஸ்டீராய்டு போட்டார்கள். நேராகக் கேட்டும் இல்லை என்று சாதித்தார்கள். அந்த ஊசி கிளப்பிவிட்ட ஒவ்வொரு தொல்லைக்கும் புதிது புதிதாக ஒரு நோயின் பெயரைச் சொல்லி, அதற்கும் மருந்து கொடுத்துக் காசு வாங்கினார்கள்.

ரோஸி கருப்பை எடுத்த நடுவயது நாய். எடை 12 கிலோ. பாதமும் அக்குளும் சிவந்துபோய் ராத்திரியெல்லாம் நக்கிக்கொண்டே இருப்பாள். முதல் ஊசி போட்ட மறுநாளே அரிப்பு அடங்கிவிட்டது. கைராசிக்கார டாக்டர் என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். சில வாரம் நன்றாக இருப்பாள், மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி ஊசி. ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது. அதற்குள் ஒரு தடவைகூடத் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கவில்லை. தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று சீப்பால் வாரிப் பார்க்கவில்லை. என்ன தீனி போடுகிறீர்கள் என்று ஒரு கேள்வி கிடையாது.

சின்னக் குப்பி, உள்ளே பால் மாதிரி வெள்ளையாக மருந்து. நன்றாகக் குலுக்கிவிட்டு உறிஞ்சி எடுப்பார். “என்ன ஊசி டாக்டர் இது?” என்று கேட்டேன். “அலர்ஜி ஊசி மேடம்.” “ஸ்டீராய்டா?” “சேச்சே, அதெல்லாம் நாம போடறதே இல்ல. நெட்ல எதையாவது படிச்சுட்டு பயப்படாதீங்க.” சிகிச்சை அட்டையிலும் தேதி, எடை, பக்கத்தில் ‘அலர்ஜி ஊசி’, அவ்வளவுதான் எழுதியிருக்கும்.

முதலில் மாறியது தண்ணீர் குடிக்கும் அளவு. கிண்ணம் வைக்க வைக்கக் காலியானது. ராத்திரி எழுந்து கதவைப் பிறாண்டுவாள். திறப்பதற்குள் அங்கேயே சிறுநீர் போய்விடும். அளவு போட்ட பாட்டிலில் காலையில் ஊற்றி, மிச்சத்தை மறுநாள் அளந்து பார்த்தேன். இரண்டு லிட்டருக்கு மேல் குடித்திருந்தாள். நாய் ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டிக் குடித்தால் அது நோயின் அடையாளம். 12 கிலோ நாய்க்கு 1.2 லிட்டரே மேல் எல்லை. இதை எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன். “வயசாகுது இல்லையா மேடம், ராத்திரி தண்ணி வைக்காதீங்க” என்றார்.

இதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். தண்ணீர் நிறையக் குடிப்பதால் சிறுநீர் அதிகம் போகிறது என்று நமக்குத் தோன்றும். பெரும்பாலும் நடப்பது தலைகீழ்: சிறுநீரகத்தால் நீரைப் பிடித்துவைக்க முடியாமல் போவதால்தான் அது குடித்து ஈடுகட்டுகிறது. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, குஷிங் (கார்ட்டிசால் என்ற ஹார்மோன் உடம்பில் அளவுக்கு மீறும் நோய்), கருப்பையில் சீழ், ரத்தத்தில் கால்சியம் கூடுவது எல்லாமே இப்படித்தான் வெளியே தெரியும். கிண்ணத்தை எடுத்து வைத்தால் சீக்கிரமே உடம்பு வறண்டு உயிருக்கு ஆபத்தாகும்.

அடுத்து, ரத்தப் பரிசோதனையில் ஏஎல்பி என்ற என்சைம் ஏகத்துக்கும் ஏறியிருந்தது. “லிவர் ப்ராப்ளம்” என்று டானிக் வந்தது. அப்புறம் வயிறு தொங்கியது, இடுப்புப் பக்கம் முடி கொட்டியது, டி4 என்ற தைராய்டு ஹார்மோனைப் பார்த்துக் குறைவு என்றார்கள். “தைராய்டு, ஆயுசு முழுக்க மாத்திரை.” அதன் பிறகு சிறுநீரில் ரத்தம். எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை செய்யாமலே ஆன்டிபயாடிக். நிறுத்தினால் திரும்ப வரும், உடனே வேறு ஆன்டிபயாடிக். இதற்கு நடுவிலும் அரிப்பு ஊசி நிற்கவில்லை.

சிறுநீர்த் தொல்லைக்காகத்தான் வேறொரு டாக்டரிடம் போனோம். அந்த அம்மா ரோஸியை மேஜையில் ஏற்றியதும் எந்தக் காகிதத்தையும் பார்க்கவில்லை. வயிற்றுத் தோலை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினார். வெங்காயச் சருகு மாதிரி மெலிந்திருந்தது, நீல நரம்பு வெளியே தெரிந்தது. முன்னங்காலைத் திருப்பிப் பார்த்தார். ரத்தம் எடுக்க மழித்த இடம் மாதக்கணக்காகியும் சதுரமாக வழுக்கையாகவே இருந்தது, ஒரு முடி முளைக்கவில்லை. “இவளுக்கு எத்தனை நாளா ஸ்டீராய்டு போறது?” என்றார். போடவே இல்லை என்று சொன்னார்களே என்றேன். குப்பி எப்படி இருக்கும் என்று கேட்டார். வெள்ளை மருந்து, குலுக்கிப் போடுவார்கள் என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார்.

அவர் செய்த பரிசோதனைகளைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். முதலில் சிறுநீரின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு அடர்த்தி என்பது. ஒரு சொட்டு ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்தால் போதும், ஒரு நிமிஷ வேலை. சுத்தத் தண்ணீர் 1.000. நீரைப் பிடித்துவைக்கத் தெரிந்த சிறுநீரகம் உள்ள நாயால் 1.030-க்கு மேல் கொண்டுபோக முடியும். ரோஸிக்கு 1.006. இத்தனை மாதம் ரத்தம் எடுத்த கிளினிக்கில் இந்த ஒரு சொட்டைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. அடுத்து, ஸ்கேனில் பார்த்தபடி வயிறு வழியாக ஊசி விட்டு சிறுநீர்ப்பையிலிருந்தே நேராகச் சிறுநீர் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பினார். தரையிலிருந்து எடுத்த சிறுநீரில் வெளிக் கிருமி கலந்துவிடும், அதை நம்பி மருந்து கொடுக்க முடியாது. ஈ.கோலை வளர்ந்தது. முன்பு கொடுத்த இரண்டு ஆன்டிபயாடிக்கும் அதற்குக் கேட்காது என்று ரிப்போர்ட் வந்தது.

கடைசியாக ஏசிடிஹெச் பரிசோதனை. சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அட்ரீனல் சுரப்பியைக் கார்ட்டிசால் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்தான் ஏசிடிஹெச். ஒரு முறை ரத்தம் எடுத்து, அந்த ஹார்மோனை ஊசியாகப் போட்டு, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எடுத்துக் கார்ட்டிசால் பார்ப்பார்கள். சாதாரண நாய்க்கு இரண்டாவது அளவு டெசிலிட்டருக்கு 6 முதல் 18 மைக்ரோகிராம் வரை ஏறும், ஆய்வகத்துக்கு ஆய்வகம் கொஞ்சம் மாறும். தானாக வரும் குஷிங் நோயில் பெரும்பாலும் அதையும் தாண்டிப் போகும். ரோஸிக்கு முதலிலும் 1-க்குக் கீழே, பின்னாலும் 1-க்குக் கீழே. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்ததால் மூளை அட்ரீனல் சுரப்பிக்கு உத்தரவு அனுப்புவதையே நிறுத்திவிட்டது. சுரப்பியும் சுருங்கி வேலை செய்வதை விட்டுவிட்டது. பார்வைக்குக் குஷிங், உள்ளே கார்ட்டிசால் காலி.

இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. தானாக வரும் குஷிங்கில் நூற்றுக்கு 80 முதல் 85 நாய்களுக்கு மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் சிறு கட்டி இருக்கும், மற்றவற்றுக்கு அட்ரீனலில் கட்டி. அதற்கு ட்ரைலோஸ்டேன் என்ற மருந்து கொடுத்துக் கார்ட்டிசால் உற்பத்தியைக் குறைப்பார்கள். ஏற்கெனவே படுத்துவிட்ட சுரப்பிக்கு அந்த மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தோற்றத்தை வைத்து யாராவது குஷிங் மாத்திரை எழுதினால், ஸ்டீராய்டு வரலாறு கேட்டார்களா, ஏசிடிஹெச் பார்த்தார்களா என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

முன்பு சொன்ன ஒவ்வொரு நோயும் அப்புறம்தான் அவிழ்ந்தது. நாயின் உடம்பில் ஸ்டீராய்டு பட்டால் ஏஎல்பி ஏறும், அதற்கென்றே ஒரு தனி வகை ஏஎல்பியை நாயின் ஈரல் சுரக்கிறது. ஸ்டீராய்டு டி4-ஐயும் கீழே இழுக்கும். தைராய்டைத் தூண்டும் டிஎஸ்ஹெச் ஹார்மோனைப் பார்க்காமல், வேறு மருந்து ஓடுகிறதா என்று கேட்காமல், ஒற்றை டி4-ஐ வைத்துத் தைராய்டு நோய் என்று முத்திரை குத்தியதே தப்பு. எதிர்ப்புச் சக்தி குறைந்து சிறுநீரும் நீர்த்துப்போனதால் கிருமி வந்து குடியேறியது. வேர் ஒன்று, அதை விட்டுவிட்டு ஆளுக்கொரு கிளையை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

பழைய கிளினிக்கில் போய்ச் சிகிச்சைப் பதிவைக் கேட்டேன். முதலில் தரமாட்டோம் என்றார்கள். எழுத்து மூலம் கேட்ட பிறகு பதிவேட்டின் நகல் வந்தது. என் அட்டையில் ‘அலர்ஜி ஊசி’ என்றிருந்த ஒவ்வொரு தேதிக்கும் நேரே அதில் மெதில்பிரெட்னிசலோன் அசிடேட். ஒரு தடவை போட்டால் வாரக்கணக்கில் உடம்பில் நிற்கிற ஸ்டீராய்டு அது. காட்டிக் கேட்டதற்கு, “அரிப்பு நிக்கணும்னு நீங்கதானே கேட்டீங்க” என்றார் அதே டாக்டர்.

ஸ்டீராய்டு விஷம் என்று நான் சொல்லவில்லை. சரியான நோய்க்கு, சரியான அளவில், குறைத்துக்கொண்டே வரும் திட்டத்தோடு கொடுத்தால் உயிர் காக்கும் மருந்து. மாத்திரையாக இருந்தால் தொல்லை வரும்போது அளவைக் குறைக்கலாம். ஆனால் நீண்ட நாள் நிற்கும் ஊசி உள்ளே போய்விட்டால் வெளியே எடுக்க வழியில்லை. அதைப் பெயர் மறைத்துப் போடுவதுதான் துரோகம். டெமோடெக்ஸ் என்ற பூச்சியால் வரும் சொறிக்கு ஸ்டீராய்டு போட்டால் நோய் பல மடங்கு பெருகும். தோலைச் சுரண்டிப் பார்க்கச் சொல்வது அதனால்தான். ரோஸிக்குப் பூச்சி இல்லை. தெள்ளுப்பூச்சி மருந்து போட்டு, 8 வாரம் ஒரே வகைத் தீனி கொடுத்துப் பார்த்து, அதன் பிறகே ஒவ்வாமைத் தோல்நோய் என்று முடிவு செய்து, ஸ்டீராய்டு இல்லாத மாத்திரையில் கட்டுப்படுத்தியிருக்கிறார் புது டாக்டர்.

பூனை வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். இதே ஊசி பூனைக்குச் சர்க்கரை நோயைக் கொண்டுவரலாம், இதயத்தில் கோளாறு மறைந்திருந்தால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளலாம். ஊசி போட்ட சில வாரத்தில் பூனை தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகரவில்லை என்றாலோ, மணல் தட்டில் கட்டிகள் பெரிதாகின்றன என்றாலோ உடனே சர்க்கரை பாருங்கள். பயத்திலேயே பூனைக்குச் சர்க்கரை ஏறிவிடும் என்பதால், கடந்த சில வாரச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் பரிசோதனையும் சேர்த்துக் கேளுங்கள்.

மருந்தின் முழுப் பெயர், அளவு, எத்தனை நாள் உடம்பில் இருக்கும் என்பதை அட்டையில் எழுதச் சொல்லுங்கள். குப்பியை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேறு டாக்டரிடம் போகும்போது காது சொட்டு மருந்து, தோல் களிம்பு எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். அவற்றிலும் ஸ்டீராய்டு இருக்கலாம், அது தோல் வழியாகவே உள்ளே போகும்.

இதைப் படித்துவிட்டுப் பதறிப்போய் எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ரோஸிக்கு மிகக் குறைந்த அளவில் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்து, சுரப்பி விழிக்க விழிக்கக் குறைத்துக்கொண்டே வந்து, முழுக்க நிறுத்தப் பல மாதம் பிடித்தது. இடையில் காய்ச்சலோ பயணமோ வந்தால் டாக்டரைக் கேட்டு அளவைக் கூட்டினோம். பல மாதம் ஸ்டீராய்டு போன நாய் திடீரென்று தீனியை ஒதுக்கினால், வாந்தி எடுத்தால், நடுங்கினால், எழுந்து நிற்க முடியாமல் துவண்டால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். போனதும் முதல் வார்த்தையாக ஸ்டீராய்டு ஊசி போட்டிருக்கிறது என்று சொல்லுங்கள்.