நாரிப் பிடிப்புக்கு யாரிடம் போகலாம்: பிசியோவா, ஒஸ்டியோபத்தா, கைரோவா?

லண்டனில் நாரி (கீழ்முதுகு) பிடித்துக்கொண்டால், நோ மாத்திரைக்கு அப்பால் மூன்று வழி இருக்கிறது. அரச மருத்துவ சேவையான என்எச்எஸ் தரும் பிசியோ (இயன்முறை சிகிச்சையாளர்) ஒன்று. காசு கொடுத்துப் பார்க்கும் ஒஸ்டியோபத், கைரோபிராக்டர் (கைரோ) மற்ற இரண்டு; இவர்கள் தசையையும் மூட்டையும் கையால் அழுத்தியும் அசைத்தும் வைத்தியம் செய்கிறவர்கள். நான் ஒஸ்டியோபத்திடம் போனேன். குனிந்து சப்பாத்து நாடா கட்டமுடியாத அளவுக்குப் பிடித்திருக்கிறது என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் அங்கேதான் போகச் சொல்வேன். கடையில் அரிசி மூட்டை தூக்குகிறவர்கள், டெலிவரி வான் ஓட்டுகிறவர்கள், பராமரிப்பு இல்லங்களில் முதியவர்களைத் தூக்கி இருத்துகிறவர்கள் என்று எங்கள் ஆட்களில் நிறையப் பேர் நாரியை நம்பித்தான் பிழைக்கிறார்கள். அவர்களை நினைத்து இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எல்லோரும் கேட்கும் கேள்வி: இவர்கள் படித்தவர்களா? ஆம். பிரிட்டனில் ஒஸ்டியோபத்துகளுக்கு 1993ஆம் ஆண்டுச் சட்டமும் கைரோபிராக்டர்களுக்கு 1994ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. பிசியோவுக்கும் பதிவு கட்டாயம். பதிவில்லாமல் இந்தப் பெயர்களைப் பலகையில் போட்டால் குற்றம். பதிவேடுகள் இணையத்தில் இருக்கின்றன. பெயரைத் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். ஒஸ்டியோபத் நாலைந்து வருடம் பட்டப்படிப்புப் படித்தவர். ஆனால் இங்கே அவர் டொக்டர் அல்ல, மருந்து எழுதித் தரமாட்டார். அமெரிக்காவில் கதை வேறு. அங்கே ஒஸ்டியோபதியை உருவாக்கிய ஆன்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892இல் மிசூரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில்லில் தொடங்கிய கல்லூரியின் வழிவந்தவர்கள் இன்று சத்திரசிகிச்சைவரை செய்யும் முழு மருத்துவர்கள். 1917இல் லண்டனில் தொடங்கிய கல்லூரியின் வழி கையால் செய்யும் சிகிச்சையோடு நின்றுகொண்டது. அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்குள்ளவரிடம் ஊசியும் ஸ்கானும் எதிர்பார்க்க வேண்டாம்.

என்எச்எஸ் பிசியோவைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. காசில்லை, பல இடங்களில் ஜிபியை (குடும்ப மருத்துவரை)ப் பார்க்காமலே நீங்களாக விண்ணப்பிக்கலாம். அவர்கள் தரும் உடற்பயிற்சிதான் நாரி நோவுக்கு அடிப்படை மருந்து. நோ பழையது, மந்தமானது, நடக்க முடிகிறது, வேலைக்குப் போக முடிகிறது என்றால் வேறெங்கும் காசைக் கொட்டாமல் பிசியோவிடமே போங்கள். சிக்கல் காத்திருப்பில் இருக்கிறது. வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் ஆகும். முதல் சந்திப்பே தொலைபேசியில் முடிந்துவிடுவதும் உண்டு. அசையவே முடியாதவருக்கு இமெயிலில் வரும் பயிற்சித் தாளை வைத்துத் தொடங்குவது கடினம்.

ஒஸ்டியோபத்திடம் வித்தியாசம் முதல் நாளே தெரியும். என்ன வேலை, எந்தப் பக்கம் சரிந்து படுப்பீர்கள், பாரத்தை எந்தத் தோளில் ஏற்றுவீர்கள், முன்பு முறிவு ஏதும் உண்டா, இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறீர்களா என்று விசாரித்த பிறகுதான் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். முன்னுக்கும் பக்கவாட்டிலும் வளையச் சொல்லிப் பின்னாலிருந்து முதுகைப் பார்த்தார். பிறகு மேசையில் படுக்க வைத்து, இடுப்பெலும்புக்குச் சற்று மேலே இறுகிக் கிடந்த தசையைக் கட்டைவிரலால் மெதுவாக, அவசரமில்லாமல் தளர்த்தினார். அதன் பிறகு செய்ததுதான் எனக்குப் பெரிதும் பயன்பட்டது. காலை மடக்கித் தன் கையில் தாங்கிக்கொண்டு, "என் கைக்கு எதிராக லேசாகத் தள்ளுங்கள்" என்றார். சில விநாடி தள்ளி, விட்டு, மூச்சை வெளியே விட்டதும் அதே கால் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக மடங்கியது. திரும்பத் திரும்ப இதையே செய்தார். இதில் முறிப்பதும் இல்லை, உடைப்பதும் இல்லை. உங்கள் தசையின் பலத்தையே வைத்து அந்தத் தசையைத் தளர்த்தும் முறை இது.

எல்லோரும் பயப்படும் 'படக்' சத்தம் இன்னொரு முறை. சரித்துப் படுக்க வைத்துச் சட்டென்று ஒரு தள்ளு. அந்தச் சத்தம் மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக்குமிழி உண்டாவதோடு தொடர்புடையது. இடம்மாறிய எலும்பு திரும்பப் பொருந்திய சத்தம் அல்ல. எலும்பு விலகியிருக்கிறது, நான் தள்ளிச் சரிப்படுத்துகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இந்த முறை வேண்டாம் என்றால் சொல்லலாம், நல்லவர் வற்புறுத்தமாட்டார்.

இனி, முடிவெடுக்க உதவும் விஷயம். வேறு எதையும் பார்க்காவிட்டாலும் இதைப் பாருங்கள்: இந்த வைத்தியம் எப்போது முடியும்?

கையால் செய்யும் சிகிச்சை, யார் செய்தாலும், அசைவைத் திறந்துவிடும். நோவைக் கொஞ்ச நாளைக்குக் குறைக்கும். அந்த இடைவெளியில் பயிற்சி உள்ளே போகவில்லை என்றால் பிடிப்பு திரும்பி வரும். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016இல் நாரி நோவுக்கு வெளியிட்ட வழிகாட்டல் சொல்வதும் அதைத்தான்: கையால் செய்யும் சிகிச்சையைத் தனியாகக் கொடுக்காதீர்கள், பயிற்சியோடு சேர்த்தே கொடுங்கள். ஆகவே ஒவ்வொரு வாரமும் மேசையில் படுத்து எழும்புவதையே வைத்தியமாக வைத்திருப்பவரிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது.

கணக்கைப் பாருங்கள். லண்டனில் ஒரு அமர்வு 60 பவுண்ட் என்று வைத்தால், ஆறு அமர்வோடு முடிகிறவருக்கு 360 பவுண்ட். வாரம் ஒன்று என்று வருடம் முழுக்க இழுத்தால் 3,120. என் மச்சான் போன கைரோ கிளினிக்கில் முதல் நாளே பல அமர்வுகள் சேர்ந்த நீண்ட பொதியொன்றுக்கு முன்பணம் கேட்டார்கள். நோ போன பிறகும் 'பராமரிப்புக்காக' வரவேண்டும் என்றார்கள். வீட்டில் செய்ய ஒரு பயிற்சிகூடத் தரவில்லை. எனக்குப் பார்த்தவரோ மூன்றாவது அமர்விலேயே மேசையில் கிடக்கும் நேரத்தைக் குறைத்துவிட்டார். விளக்குமாற்றுத் தடியை என் முதுகில் நேராக வைத்து, தலையின் பின்பக்கம், தோள்பட்டைகளின் நடு, வாலெலும்பு ஆகிய மூன்றிலும் தடி ஒட்டியபடி இருக்க, இடுப்பிலிருந்து மட்டும் குனியப் பழக்கினார். மூட்டை தூக்கும்போது நாரியை வளைக்காமல் இடுப்பால் குனிவது அப்படித்தான் எனக்குள் இறங்கியது. அந்தத் தடி இன்றும் என் கடைக்குள் நிற்கிறது. சில அமர்வுகள் போன பின், இனி வரத் தேவையில்லை, திரும்பப் பிடித்தால் மட்டும் அழையுங்கள் என்று அவராகவே சொல்லி அனுப்பினார்.

நேர்மையாகச் சொன்னால், இது தொழிலைவிட ஆளைப் பொறுத்தது. வாராவாரம் வரச்சொல்லும் ஒஸ்டியோபத்துகளும் இருப்பார்கள், நாலு அமர்வில் அனுப்பிவிடும் கைரோபிராக்டர்களும் இருப்பார்கள். கைரோவைப் பற்றி எனக்குத் தெரிந்தது மச்சானின் அனுபவம் ஒன்றுதான். அதை வைத்து முழுத் தொழிலையும் எடைபோட முடியாது. காசு கொடுத்துப் பார்க்கும் பிசியோவும் கையால் செய்து பயிற்சியும் தருபவராக இருந்தால் ஒஸ்டியோபத்துக்குக் கிட்டத்தட்டச் சமம், விலையும் அப்படித்தான். ஆகவே யாரிடம் போனாலும் முதல் நாளே கேளுங்கள்: எத்தனை அமர்வில் மாற்றம் தெரியும்? தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள்? வீட்டில் நான் என்ன செய்யவேண்டும்? இதற்கு நேர்ப்பதில் சொல்லாதவரிடம் இரண்டாவது அமர்வுக்குப் போகவேண்டாம்.

காசு இடிக்கிறது என்றால் ஒஸ்டியோபதி கற்பிக்கும் கல்லூரிகளின் கிளினிக்குகளைத் தேடுங்கள். கடைசி வருட மாணவர்கள் பார்ப்பார்கள், பதிவுபெற்ற ஆசிரியர் மேற்பார்வை செய்வார். நேரம் கூடப் பிடிக்கும், விலை நன்றாகக் குறையும்.

முழங்காலுக்கு நான் போனதில்லை. தேய்மான வாதத்துக்கு நைஸ் 2022இல் சொன்னதும் பயிற்சிதான் முதலில். முழங்காலுக்கும் இடுப்பு மூட்டுக்கும் கை சிகிச்சையைப் பயிற்சியோடு சேர்த்து மட்டும் யோசிக்கலாம் என்கிறது. கழுத்தைச் சட்டென்று திருக நான் யாரையும் அனுமதிக்கவே மாட்டேன். அரிதென்றாலும் கழுத்து இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவப் பதிவுகளில் உண்டு. எலும்பு மெலிவு உள்ள அம்மாமாரும் அந்தத் தள்ளு முறையைத் தவிர்க்கவேண்டும். மண்டையோட்டை மெல்லப் பிடித்து எல்லா நோயும் மாற்றுவதாகச் சொல்லும் ஒஸ்டியோபதிக் கிளைக்கு ஆதாரம் மிகவும் பலவீனம். அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

இந்த மூவரிடமும் போகக்கூடாத நேரமும் ஒன்று இருக்கிறது. நாரி நோவோடு சிறுநீர் போவதில் தடை, மலம் அடக்க முடியாமை, தொடையிடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போதல், இரண்டு காலிலும் பலவீனம் இதில் எது வந்தாலும் அப்பொயின்ட்மென்ட் தேடவேண்டாம். நரம்புக்கற்றை நெரிபடும் அவசரநிலையாக இருக்கலாம். அன்றைக்கே, இரவென்றாலும், மருத்துவமனையின் அவசரப் பிரிவான ஏ அண்ட் ஈக்குப் போங்கள்.