ரங்கூன்ல எட்டு வாரம் யாத்திராகமம் வகுப்பு, போய்ட்டு வந்த அனுபவம்

ரங்கூன்ல தமிழ்ல பைபிள் ஸ்டடி எங்க நல்லா இருக்குன்னு ரெண்டு மூணு பேர் கேட்டுட்டே இருந்தீங்க, அதான் எழுதுறேன். எங்க வீட்டுக்கு பக்கத்துல ஒரு சின்ன தமிழ் சபை, அங்க ஞாயித்துக்கிழமை சாயந்தரம் 3 மணிக்கு, எட்டு வாரம், யாத்திராகமம் மட்டும் எடுத்தாங்க, அதான் இஸ்ரவேலர் எகிப்துல அடிமையா இருந்து மோசே கூட வெளிய வர்ற பைபிள் புத்தகம். சபை பேர இதுல போட வேணாம்னு அவங்களே சொல்லிட்டாங்க, நம்ம ஆளுங்கள கேட்டா வழி காட்டுவாங்க. பீஸ் கிடையாது, நோட்ஸ் ஜெராக்ஸுக்கு மட்டும் காசு. எட்டு வாரத்துல ஒரு நாள் கூட நான் விடல, விட மனசும் வரல.

மொதல்ல குறைய சொல்லிடுறேன். ஹால் சின்னது, கரண்ட் இருக்காது, ஜெனரேட்டர் போட்டா சத்தத்துல பின்னாடி உக்காந்தவங்களுக்கு ஒண்ணும் கேக்காது, போடலன்னா வேர்த்து கொட்டும். ஜெராக்ஸ் எழுத்து பாதி அழிஞ்சு போயிருக்கு, வயசானவங்க படிக்கவே முடியல. அப்புறம் பத்து வாதைகளையும் ஒரே வாரத்துல ஓட்டிட்டாங்க. நைல் நதி, சூரியன்னு எகிப்துக்காரங்க எத எல்லாம் கும்பிட்டாங்களோ அதோட மேலயே அடி விழுந்துச்சு, எகிப்தோட தேவர்கள் மேல நீதி செய்வேன்னு கர்த்தரே 12ஆம் அதிகாரத்துல சொல்றார்னு விளக்கினது நல்லாதான் இருந்துச்சு, ஆனா தலைப்பிள்ளைங்க சாவ பத்தி பேச ஆரம்பிச்சப்ப மணி ஆகிடுச்சு, அப்படியே ஜெபம் பண்ணி முடிச்சிட்டாங்க. புள்ளைய பறிகொடுத்த அம்மாங்க ரெண்டு பேர் அந்த ஹால்லயே உக்காந்திருந்தாங்க. அதுக்கு ஒரு வாரம் தனியா ஒதுக்கியிருக்கணும், இத நான் நேராவே வகுப்பு எடுத்த சயாமாகிட்ட (பர்மிய மொழியில டீச்சரம்மா) சொல்லிட்டேன், அவங்களும் ஒத்துக்கிட்டாங்க.

வகுப்பு எடுத்தவங்கள எல்லாரும் சயாமான்னுதான் கூப்பிடுறோம், ஸ்கூல் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. குரல் சின்னது ஆனா சொல்றது நெஞ்சுல நிக்கும். சின்ன பசங்களுக்கு தமிழ் பேச வரும், படிக்க வராது, அதனால அவங்க பர்மிய பைபிள் வச்சிருப்பாங்க, நாங்க தமிழ் வச்சிருப்போம், ஒரே வசனத்த ரெண்டு பாஷையிலயும் சத்தமா படிப்போம். அந்த பர்மிய பைபிள மொழிபெயர்த்தவர் ஜட்சன்னு ஒரு அமெரிக்க மிஷனரி, 1824ல வெள்ளக்காரனோட சண்டை வந்தப்ப பர்மா ராஜாவோட ஆவா ஜெயில்ல கால்ல விலங்கோட கெடந்தவர், முழு பைபிளயும் மொழிபெயர்த்து முடிச்சது 1834லதான்னு சயாமா போற போக்குல சொன்னாங்க. விலங்கு மாட்டுன ஆள் கையால எழுதின யாத்திராகமத்த அந்த பசங்க படிக்குதுங்கன்னு நெனச்சப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

முதல் வாரம் மோசே நாணல் பெட்டியில மெதக்குறதுல இருந்து ஆரம்பிப்பாங்கன்னு நெனச்சேன், எல்லாரும் அப்படித்தான ஆரம்பிப்பாங்க. இவங்க அத தாண்டி ரெண்டாம் அதிகாரத்தோட கடைசி மூணு வசனத்துக்கு போய்ட்டாங்க. ராஜா செத்துட்டான், ஜனங்க அடிமைத்தனத்துல தவிச்சு முறையிட்டாங்க, அந்த சத்தம் தேவனுக்கு எட்டிச்சு, அவர் அவங்க பெருமூச்ச கேட்டார். இப்ப நல்லா பாருங்க, யாரப் பார்த்து முறையிட்டாங்கன்னு அங்க எழுதியிருக்கான்னு கேட்டாங்க. நாங்க எல்லாரும் குனிஞ்சு தேடுறோம், இல்ல. கர்த்தாவேன்னு கூப்பிட்டதா அந்த எடத்துல இல்ல. வேலை தாங்காம மூச்சு விட்டாங்க, அவ்ளோதான். யாருக்கும் அட்ரஸ் பண்ணாத மூச்சு, அத அவர் தனக்கு வந்த ஜெபமா எடுத்துக்கிட்டார். நாப்பது வருஷமா சபைக்கு போறேன், இத நான் கவனிச்சதே இல்ல. எங்கம்மா அடுப்படியில நின்னு விடுற மூச்சுதான் எனக்கு உடனே ஞாபகம் வந்துச்சு, அவங்க வாய் தொறந்து ஜெபம் பண்ணி நான் பார்த்ததில்ல.

நம்ம வீட்டு கதையும் இதுல அப்படியே ஒட்டிக்குது. யாக்கோபு குடும்பம் எகிப்துக்கு போனது பஞ்சத்துக்கு பயந்து, போனப்ப மரியாதையாதான் இருந்தாங்க, யோசேப்ப தெரியாத புது ராஜா வந்தப்புறம்தான் அடிமை ஆனாங்க. எங்க கொள்ளுத்தாத்தாவும் ராம்நாட்டு பக்கம் வானம் பொய்ச்சுதான் கப்பல் ஏறினார், மேஸ்திரிகிட்ட முன்பணம் வாங்கிட்டு. இங்க வந்து நெல்லு அறுத்தார், ரைஸ் மில்லுல மூட்டை தூக்கினார், கூலியில பாதி அந்த கடனுக்கே போச்சு. இது எகிப்து மாதிரி அடிமைத்தனம் இல்ல, சயாமாவும் அத தெளிவா சொன்னாங்க, எல்லாத்தையும் ஒண்ணா போட்டு கொழப்பக் கூடாதுன்னு. ஆனா அந்த மூச்சு என்னன்னு நம்மளுக்கு கொஞ்சம் தெரியும்ல.

செங்கல் வாரம்தான் எனக்கு ரொம்ப புடிச்சது, வைக்கோல் தராம செங்கல் அறுக்க சொல்லி பார்வோன் இஸ்ரவேலர வாட்டுற அஞ்சாம் அதிகாரம். ரெக்மிரேன்னு எகிப்துல ஒரு மந்திரி, லக்சர்ல அவரோட கல்லறை சுவத்துல செங்கல் அறுக்குறவங்க படம் தீட்டியிருக்கு, கிறிஸ்துவுக்கு முன்னாடி 15ஆம் நூற்றாண்டு. ஒருத்தன் தண்ணி மொள்றான், ஒருத்தன் மண்ணு கொழைக்கிறான், ஒருத்தன் அச்சுல அடிச்சு காய வைக்கிறான், வேற நாட்டுல இருந்து புடிச்சிட்டு வந்தவங்களும் அதுல இருக்காங்க, கோல் வச்சுக்கிட்டு மேஸ்திரியும் பக்கத்துலயே. அவங்க இஸ்ரவேலர்னு யாரும் சொல்லல, ஆனா வேலை இதே வேலைதான். போன்ல அந்த படத்த காட்டிட்டு, இதுல வைக்கோல் எதுக்குன்னு கேட்டாங்க. பெகு பக்கத்துல செங்கல் சூளையில இருபது வருஷம் வேலை பார்த்த ஒரு அக்கா எந்திரிச்சு பேச ஆரம்பிச்சாங்க பாருங்க, ஹாலே அமைதி ஆயிடுச்சு. நம்ம ஊர்ல உமி போட்டு சுடுவோம், அங்க வெயில்ல காய வைக்கிறாங்க, வைக்கோல் துண்டு மண்ண புடிச்சு வைக்கும், இல்லன்னா காயுறப்பவே வெடிச்சிடும், வெடிச்ச கல்ல கணக்குல எடுக்க மாட்டாங்க. வைக்கோல் கிடையாது நீயே போய் பொறுக்கிக்கோ, கணக்கு மட்டும் கொறைய கூடாதுன்னா, விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு காட்டுல தாள் பொறுக்கணும், புள்ளைங்களையும் கூட்டிட்டு போகணும், அப்படியும் கணக்கு வராது, அடி விழும். அந்த அக்கா கைய விரிச்சு காட்டினாங்க, ரேகையே இல்ல. சயாமா அதுக்கு மேல ஒண்ணும் விளக்கல, அஞ்சாம் அதிகாரத்த திரும்ப ஒரு தடவ படிக்க சொன்னாங்க.

அதுக்கு அடுத்த வாரம் ஆறாம் அதிகாரம். கர்த்தர் உங்கள மீட்பேன், ஜனமா சேத்துக்குவேன், தேசம் தருவேன்னு அவ்ளோ வாக்குத்தத்தம் கொடுக்கிறார், மோசே போய் சொல்றார், ஜனங்க காதுல வாங்கவே இல்ல. ஏன்னா மனசு உடஞ்சு போச்சு, வேலை அவ்ளோ கொடுமை. இதுக்கு அவர் கோவப்படல. விசுவாசம் வரட்டும் அப்புறம் பார்க்கலாம்னு நிறுத்தல. அடுத்த வசனத்துலயே மோசேய பார்வோன்கிட்ட போக சொல்றார். நம்பினவங்களுக்குதான் விடுதலைன்னு நான் இவ்ளோ நாளா மத்தவங்களுக்கு சொல்லிட்டு திரிஞ்சிருக்கேன், எத்தன பேர் மனச நோகடிச்சிருப்பேனோ தெரியல.

அன்னைக்குதான் பின் பெஞ்சுல ஒரு பெரியவர் கேட்டார், வயசு எண்பதுக்கு மேல இருக்கும். சயாமா, 1942ல எங்கப்பா தமு வழியா இம்பாலுக்கு நடந்தார், திமாப்பூர்ல ரயில் ஏறுறதுக்குள்ள எங்க அக்காவையும் பாட்டியையும் வழியிலயே பொதச்சிட்டு போனார், இஸ்ரவேலருக்கு பொளந்த மாதிரி எங்களுக்கு ஏன் கடல் பொளக்கல. 1941 டிசம்பர் 23ல ரங்கூன்ல ஜப்பான்காரன் குண்டு போட்டதுல இருந்து லட்சக்கணக்குல நம்ம ஆளுங்க இந்தியாவுக்கு நடந்தாங்க, மழை காலத்துல ஹுக்காங் பள்ளத்தாக்குல மாட்டினவங்க கூட்டம் கூட்டமா செத்தாங்க, நம்ம வீடுங்கள்ல இத கேட்டு வளராதவங்க யாரு. ஹால்ல யாரும் அசையல. சயாமா ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க, ஐயா, என்கிட்ட பதில் இல்ல. மோசே பொறந்தப்ப ஆத்துல போட்ட பசங்க இருக்காங்க, அவங்க விடுதலைய பார்க்கல. மோசே பார்வோன் முன்னாடி நிக்கிறப்ப அவருக்கு வயசு 80, அந்த எண்பது வருஷத்துல எத்தன அம்மா அழுதிருப்பாங்க. பைபிள் அந்த வருஷங்கள மறைக்கல. கர்த்தர் எரியுற முள்செடியில இருந்து மோசேகிட்ட பேசுறப்ப என் ஜனத்தோட உபத்திரவத்த பார்த்தேன், கூக்குரல கேட்டேன், வேதனைய அறிஞ்சிருக்கேன், இறங்கினேன்னு சொல்றார், அது வரைக்கும்தான் எனக்கு தெரியும், உங்க அக்கா பேர சொல்லுங்க, இப்ப ஜெபத்துல சொல்லலாம்னாங்க. அவர் பேர சொன்னார். எண்பது வருஷத்துக்கு முன்னாடி செத்த புள்ள பேர அன்னைக்கு நாங்க எல்லாரும் சேர்ந்து சொன்னோம். இந்த ஒரு நாளுக்காகவே இந்த வகுப்புக்கு போகலாம்னு நான் சொல்லுவேன்.

பஸ்கா வாரம், அதான் எகிப்த விட்டு கெளம்புற ராத்திரி சாப்பாடு பத்தின வாரம், புளிக்காத மாவுல சப்பாத்தியும் வேகவச்ச வேப்பந்தளிரும் கொடுத்தாங்க, கசப்பு கீரைக்கு பதிலா. பர்மாக்காரங்க அத வாங்கி சாப்பிடுறவங்கதான, மார்க்கெட்ல ஈஸியா கெடச்சிருக்கும். பசங்க மூஞ்ச சுளிச்சுக்கிட்டே சாப்பிட்டாங்க, நின்னுக்கிட்டே சாப்பிடணும்னு சொன்னதும் அவங்களுக்கு குஷி.

ஆனா பெரியவங்கள புடிச்சு நிறுத்தினது வேற ஒண்ணு. இஸ்ரவேலர் வெறுங்கையோட போகல, வெள்ளியும் பொன்னும் கேட்டு வாங்கிட்டு போனாங்க, இத முள்செடியிலயே அவர் சொல்லிட்டார். இது கொள்ளை இல்ல, அத்தன வருஷம் கொடுக்காம விட்ட கூலின்னு சயாமா சொன்னாங்க. அதனாலதான் உபாகமம் 15ல, அடிமைய ஏழாம் வருஷம் விடுதலையா அனுப்புறப்ப வெறுமையா அனுப்பாத, ஆடு, தானியம், திராட்ச ரசம் கொடுத்து அனுப்பு, நீயும் எகிப்துல அடிமையா இருந்தவன்னு சட்டமே வருது. இங்க 1964ல நம்ம ஆளுங்க பர்மாவ விட்டு இந்தியாவுக்கு போனது எப்படின்னு உங்களுக்கு தெரியும். மே மாசம் 50, 100 கியாட் நோட்டு செல்லாதுன்னாங்க, கடையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, கப்பல் ஏறுறப்ப நகைய கழட்டி வாங்கினாங்க. எங்க சின்னப்பாட்டி மூக்குத்திய கூட விடலன்னு சாகுற வரைக்கும் சொல்லிட்டே இருப்பாங்களாம். எங்க தாத்தா மட்டும் போகாம தங்கிட்டார். கூலி கணக்கு ஒருத்தர் வச்சிருக்கார்னு அன்னைக்குதான் எனக்கு ஒரு ஆறுதல் வந்துச்சு.

அந்த ஆறுதலோட அப்படியே வீட்டுக்கு போகலாம்னு பார்த்தா கடைசி வாரம் விடல. பத்து கட்டளை ஆரம்பிக்கிறதே உன்ன அடிமைத்தன வீட்டுல இருந்து கொண்டு வந்தவர் நான்னுதான். ஓய்வுநாள் உனக்கு மட்டும் இல்ல, வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் மாட்டுக்கும் உன் ஊருக்குள்ள இருக்க அந்நியனுக்கும். 23ஆம் அதிகாரத்துல அந்நியன ஒடுக்காத, அந்நியனோட மனசு உனக்கு தெரியும்லன்னு. நம்மள தெருவுல கலான்னு மட்டமா கூப்பிடுறாங்க, 1982 குடியுரிமை சட்டத்துக்கு அப்புறம் அடையாள அட்டைக்கு அலைஞ்சது இன்னும் முடியல, அந்த மனசு நமக்கு தெரியும்தான். சயாமா கேட்டது அது இல்ல. உங்க வீட்டுல, உங்க கடையில வேலை பார்க்குற புள்ளைக்கு வாரத்துல எந்த நாள் லீவுன்னு கேட்டாங்க.

எங்க மளிகைக் கடையில டெல்டா பக்கத்துல இருந்து வந்த ஒரு பர்மிய பொண்ணு இருக்கு, பத்தொன்பது வயசு, ஏழு நாளும் வரும். நான் ஞாயித்துக்கிழமை காலையில ஆராதனை, சாயந்தரம் விடுதலை பத்தி படிப்பு, அது அந்த நேரம் பூரா எங்க கடையில அரிசி மூட்டை பிரிச்சிட்டு இருந்திருக்கு. மூட்டைய இறக்கி வச்சிட்டு அது விடுற மூச்ச நான் தினமும் கேட்டிருக்கேன். இப்ப ஞாயித்துக்கிழமை கடை மூடிடுறோம், சம்பளத்துல புடிக்கிறதில்ல. வீட்டுக்காரருக்கு முதல் மாசம் வருத்தம்தான், மார்க்கெட்டுக்கு கூட்டம் வர்ற நாளாச்சே, இப்ப ஒண்ணும் சொல்றதில்ல. முன்னாடி வருஷங்களுக்கு அந்த புள்ளைக்கு என்ன கொடுக்கணும்னு இன்னும் பேசிட்டு இருக்கோம்.

அஞ்சுக்கு நாலரை கொடுப்பேன், அந்த அரை வாதைகள ஓட்டினதுக்கும் ஜெராக்ஸுக்கும். மழைக்காலம் முடிஞ்சு எண்ணாகமம் எடுக்கப் போறாங்களாம். போறவங்க முன்னாடி மூணு வரிசைக்குள்ள எடம் புடிங்க, விசிறி ஒண்ணு எடுத்துக்கோங்க, திரும்புறப்ப படிக்கட்டு இருட்டா இருக்கும், டார்ச் வேணும். பெரியவங்கள கூட்டிட்டு போங்க, அவங்க பேசுவாங்க.