ஓபன்எஸ்எஸ்எச்சா, பாராமிகோவா?

குன்னூரில் உட்கார்ந்தபடி கோத்தகிரி, மஞ்சூர் தேயிலைத் தொழிற்சாலைகளின் இருபது லினக்ஸ் கணினிகளை ஸ்கிரிப்ட் வைத்து இயக்க வழி இரண்டு: ஷெல் ஸ்கிரிப்டிலிருந்து (லினக்ஸ் கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) ஓபன்எஸ்எஸ்எச்சை, அதாவது தொலைவுக் கணினியில் பாதுகாப்பாக நுழைந்து கட்டளை இயக்கும் எஸ்எஸ்எச் நிரலை, அழைப்பது, அல்லது அதே எஸ்எஸ்எச் வழியில் இணையும் கிளையன்ட் நிரலைப் பைத்தானின் பாராமிகோ நூலகத்தைக் கொண்டு நாமே எழுதுவது.

தினமும் ஒரே கட்டளைதான் என்றால் ஷெல் தாராளமாகப் போதும். ஆனால் வைல் லூப்பில் (வரிவரியாகத் திரும்பத் திரும்ப இயங்கும் சுழலில்) கணினிப் பட்டியலைப் படித்தால் முதல் கணினியோடு வேலை நின்றுவிடும். மீதிப் பட்டியலை எஸ்எஸ்எச்சே தன் உள்ளீடாக விழுங்கிவிடுகிறது. எஸ்எஸ்எச் கட்டளையோடு ‘-என்’ சேர்த்தால் அது உள்ளீட்டைத் தொடாது, சிக்கல் தீரும். எதையும் கேட்டு நிற்காத பேட்ச்மோடையும் இயக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கடவுச்சொல் கேட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க நிற்கும். எஸ்எஸ்எச் முடிந்ததும் திருப்பித் தரும் முடிவு எண் 255 என்றால் பெரும்பாலும் இணைப்புக் கோளாறு.

ஆடி மழையில் லைன் பாதியில் அறுந்தால்? மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று விசாரிக்கும் இடைவெளியான சர்வர்அலைவ்இன்டர்வலை 15 நொடி, பதிலில்லாமல் எத்தனை முறை பொறுப்பது என்னும் சர்வர்அலைவ்கவுன்ட்மேக்ஸை 3 என வைத்தால் சுமார் 45 நொடியில் அந்த இணைப்பைக் கைவிடும். பாராமிகோவில் அவ்வப்போது சைகை அனுப்ப செட்கீப்அலைவ் உண்டு. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்னும் டைம்அவுட்டையும் நாமேதான் கொடுக்க வேண்டும்.

முதல் பதிலைப் பார்த்து அடுத்த கட்டளை மாறும் வேலைக்குப் பாராமிகோதான் சரி. ஷெல்லில் அது இடியாப்பச் சிக்கல். ஆனால் பார்த்தெழுதும் மாதிரி நிரல்களில் ஆட்டோஆட்பாலிசி ஒளிந்திருக்கும். தெரியாத சர்வரையும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும், நடுவே போலி சர்வர் நின்றாலும். அதை நீக்கினால், தெரியாத சர்வரை மறுக்கும் இயல்பான ரிஜெக்ட்பாலிசி வந்துவிடும். ஒவ்வொரு கணினியின் அடையாளமான ஹோஸ்ட் சாவிகளை ஒருமுறை நேரில் சரிபார்த்துச் சேமியுங்கள், மலைப்பாதைப் பயணம் அலுப்புதான் என்றாலும்.

இன்னொன்று: பாராமிகோவில் கட்டளையின் வெளியீட்டைப் படிக்காமல் முடிவு எண்ணுக்குக் காத்திருக்காதீர்கள். வெளியீடாக வரும் லாக் பெரிதானால் இடையகம் (தரவு தற்காலிகமாகத் தங்கும் இடம்) நிரம்பி, இரு முனையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு உறைந்துவிடும்.